பந்தலின் பெயர்

பூசம் முடிந்து மூன்றாம் நாள்.
சாலையில் உடைத்த தேங்காயெல்லாம் அள்ளியாயிற்று.
என் மேசையில் முப்பத்தொரு பெயர்.

"தமிழ் தெரிந்தவர் நீங்கள்தான்" என்று
என்சிக் ரஸ்லான் பட்டியலை நகர்த்தினார்.
கேட்க வேண்டும்: எப்போது தொடங்கியது,
எத்தனை தடவை,
நீரா, சளியா, இரத்தமா.

தமிழ் தெரியும்தான்.
இதைக் கேட்கிற தமிழை
எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை.

"வயிறு சரியில்ல தம்பி" என்பார்கள்.
அந்தச் 'சரியில்ல'வுக்குள்
பன்னிரண்டு தடவை ஒளிந்திருக்கும்.
பட்டர்வொர்த் லாரிக்காரர் ஒருவர் மட்டும்
"குழாயத் தொறந்தாப்ல" என்றார்.
நன்றி சொல்லி நீர்க் கட்டத்தில் குறியிட்டேன்.

குற்றவாளி எல்லாரிடமும் தயார்.
கடைசியாக வாயில் வைத்தது எதுவோ, அது.
ஆயர் ஈத்தாம் லக்ஸா. சம்பந்தி வீட்டு ரசம்.
ஒருத்தி கண்ணுபட்டது என்றாள்.
அதற்குக் கட்டம் இல்லை.

நான் கேட்பது நேரத்தை.
தின்ற நாலு மணியில் குமட்டிப் புரட்டினால்
ஆறிய சோற்றில் முன்பே ஊறிய நஞ்சாக இருக்கலாம்.
ஒன்றரை நாள் பொறுத்துக் காய்ச்சலோடு வந்தால்
உள்ளே குடியேறிப் பெருகிய ஏதோ.
பழி நேற்றைய இலைக்கு;
வினை முந்தாநாள் இலையில்.

இருவரைத் தனியே எடுத்து வைத்தேன்.
சிவகாமசுந்தரிக்குப் போன வாரம்தான்
சர்க்கரை மாத்திரையை இரட்டித்திருந்தார்கள்.
நெடுமாறன், பல்வலிக்கு
அண்ணன் மிச்சம் வைத்த அன்டிபயோட்டிக்கை
அளவில்லாமல் விழுங்கியவன்.
இவர்கள் வேறு கதை.

மீதி இருபத்தொன்பது பேரும்
தண்ணீர்மலைக்கு நடந்தவர்கள்.

"எந்தப் பந்தல்ல குடிச்சீங்க?"
அங்கேதான் போன் ஊமையாகும்.

"குடுத்தாங்க, குடிச்சேன்."
"ரோட்டுக்கு எந்தப் பக்கம்?"
"சாமி பக்கம்."

மாக் மண்டின் நாகவல்லி,
வாந்தியில் குரல் தேய்ந்தவள், சொன்னாள்:
"வெயில்ல, வெறுங்கால்ல, காவடிக்குப் பின்னால.
பேர் தெரியாத கை ஒண்ணு கப்பை நீட்டுச்சு.
அந்தக் கையையா காட்டிக்குடுக்கச் சொல்றீங்க?"

அதற்கும் கட்டம் இல்லை.

"படுத்தவரை மட்டும் கேட்டால் பாதிதான் தெரியும்,
எழுந்து நடமாடுகிறவரையும் கேளுங்கள்" என்றார் ரஸ்லான்.
அப்படித்தான் அகப்பட்டார் வீரப்பெருமாள்,
நாகவல்லியின் தாய்மாமன்.
அதே பந்தல், அதே ரோஸ் சிரப், மூன்று கப்.
வயிறு கல்லு மாதிரி.

"எனக்குப் பல்லு கூசும் தம்பி.
ஐஸ் போடாதீங்கன்னு கேட்டு வாங்குவேன்."

பேனா நின்றது.

மறுபடி இருபத்தொன்பது போன். ஒரே கேள்வி.
இதற்கு யாரும் தயங்கவில்லை;
ஐஸை யாரும் கும்பிடுவதில்லையே.
"ஆமாங்க, சில்லுனு இருந்துச்சு."
"அதுக்குத்தான அங்க நின்னேன்."

கட்டி ஐஸ். மீன்பெட்டிக்குப் போடுகிற வகை.
சாக்கு மூடி வேனில் வந்ததாம்.
போய்ப் பார்த்தேன்.
சாலை காய்ந்து கிடந்தது.
சாட்சி உருகி வடிகாலில் ஓடி
மூன்று நாளாகிவிட்டது.

மாதிரிகள் ஆய்வகத்தில்.
கிருமியின் பெயர் வரலாம், வராமலும் போகலாம்.
அறிக்கையில் 'ஐஸ்' என்று எழுதி
பக்கத்தில் 'சந்தேகம்' என்றேன்.
பந்தலின் பெயரையும் எழுதினேன். எழுதத்தான் வேண்டும்.

சாயங்காலம் நாகவல்லியே கூப்பிட்டாள்.
"கண்டுபிடிச்சீங்களா?"
"ஐஸா இருக்கலாம்."
"அப்ப அவங்க இல்ல," என்றாள்,
மூன்று நாளில் முதல்முறையாக
கஞ்சி இறங்கினவள் மாதிரி.

நானும் அந்தப் பந்தலில் நின்றவன்தான்.
இன்னும் ரெண்டு துண்டு போடுங்க என்று
கேட்டு வாங்கிக் குடித்தவன்.
எனக்கு ஒன்றும் ஆகவில்லை.
ஏன் என்று
ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.